சுத்தமான மகஜர்

ஜூன் 2

காலை 5.40 எழுந்தது. 6.05 பால் வாங்கியது. 6.30 மோட்டார் போட்டது. முப்பத்தொரு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து அன்றாடக் குறிப்பு எழுதிய கை, ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன பிறகும் இப்படித்தான் எழுதுகிறது.

10.15 ஓய்வுபெற்ற காவலர் சங்கச் செயலாளரிடமிருந்து ஃபோன். இருபத்தாறாம் தேதி போதை ஒழிப்பு நாளாம். கல்லூரி ஒன்றில் கூட்டம். "அந்தக் கால மதுவிலக்கும் இந்தக் காலப் போதைப்பொருள் சட்டமும்: எது பலன் தந்தது?" என்ற தலைப்பில் நான் அரை மணி நேரம் பேச வேண்டும். மதுவிலக்குப் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவன் சங்கத்தில் நான் ஒருவன்தான் பாக்கி. உடனே ஒத்துக்கொண்டால் மதிப்பில்லை என்று, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன். பத்து நிமிடம் பொறுத்து நானே கூப்பிட்டு ஒத்துக்கொண்டேன்.

11.20 நிரஞ்சன் எழுந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. இப்போது இருபத்திரண்டு. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று இரண்டு முறை விளக்கினான். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

"ஒழுங்கா சாப்புடறதே இல்லீங்க. இன்னான்னு கேட்டா சிரிக்கறான்" என்றாள் வசந்தா. இந்த வயதில் யார்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்றேன்.

ஜூன் 5

பேச்சுக்குக் குறிப்பு எடுத்தேன்.

முழு மதுவிலக்கு இருந்த காலத்தை நான் பார்த்ததில்லை, பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். டாக்டர் சீட்டு வைத்திருந்தவன் பெர்மிட்டில் குடித்தான். சீட்டு வாங்க வழியில்லாதவன் மருந்துக்கடை டிங்சரையும் வார்னிஷையும் குடித்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மலையடிவாரத்தில் சாராயம் ஆறாக ஓடியது. மாதம் இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. முறை ஆள்.

காய்ச்சுகிற ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு மாதா மாதம் ஆளை அனுப்பிவிடும். நாங்கள் தேடிப் போகவே வேண்டாம். ஆள் காலையில் குளித்து, விபூதி பூசி, வெளுத்த வேட்டியில் ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்காருவான். நான் என் மேஜையிலேயே மகஜர் எழுதுவேன். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், என்ன கைப்பற்றப்பட்டது என்று எழுதும் தாள்தான் மகஜர். கேஸின் உயிரே அதில்தான் இருக்கிறது. அவன் போகாத ஓடையும் பிடிபடாத கேனும் என் எழுத்தில் அப்படியே கண் முன்னால் நிற்கும். கோர்ட்டில் ஒத்துக்கொள்வான், அபராதம் கட்டுவான், சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவான்.

தங்கான் என்று ஒருவன் பதினேழு முறை வந்தான். "ரைட்டர் ஐயா, இந்த வாட்டி இருவது லிட்டர்னு போட்டுக்குங்க, அஞ்சு லிட்டர்னு போட்டா ஊர்ல கிண்டல் பண்றானுங்க" என்பான். நான் எழுதிய மகஜர் ஒன்றுகூட கோர்ட்டில் படுத்ததில்லை. இதை மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். முறை ஆளை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பிறகு ஒரு புது எஸ்.பி. வந்தார். முறையாவது மண்ணாவது என்று மலையையே சல்லடை போட்டுச் சலித்தார். ஊறல் எல்லாம் அழிந்தது. மூன்றாவது வாரம் எங்கிருந்தோ வந்த ஒரு கேன் சரக்கைக் குடித்து ஏழு பேர் செத்தார்கள். அதில் தங்கானும் ஒருவன். அது தொழிற்சாலை ஸ்பிரிட். அதற்கும் நான்தான் மகஜர் எழுதினேன். இதைப் பேச்சில் சேர்க்க வேண்டாம்.

ஜூன் 9

பேச்சு எழுத நல்ல பேனா தேடி நிரஞ்சன் அறைக்குப் போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அலமாரியில் பழைய இயற்பியல் புத்தகம் ஒன்றைத் தள்ளியபோது உள்ளே இருந்து ஒரு சின்னத் தாள் எட்டிப் பார்த்தது. தபால் தலைகள் மாதிரி துளை போட்ட கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் குதிரை. பாதிக்கு மேல் கிழித்து எடுத்தது போக மீதி பதின்மூன்று.

சின்னப் பிள்ளைகள் ஒட்டுகிற படம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச்சுக்கு உதவியாக இருக்கட்டும் என்று செயலாளர் கொடுத்தனுப்பிய போதை ஒழிப்புக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இதே மாதிரி படம் இருந்தது. எல்.எஸ்.டி. ஸ்டாம்ப். நாக்கின் மேல் வைத்துக்கொள்வதாம்.

எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வைத்துவிட்டேன். பேனா எடுக்காமலே வெளியே வந்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வந்தது. ஒரு கேனைத் தூக்க இரண்டு கான்ஸ்டபிள் வேண்டியிருந்த தொழில் எங்களுடையது. இது ஊதினால் பறந்துவிடும்.

ஜூன் 10

வசந்தாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 13

எழுதுவதற்கே மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பகல் 12.40. வசந்தா வற்றல் காயப்போட மாடிக்குப் போனவள் கத்தினாள். ஓடினேன். கைப்பிடிச் சுவரின் மேல் நிரஞ்சன் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். கீழே இரண்டு மாடி. வெயில் கொளுத்துகிறது, அவனோ குளிரில் நிற்பவன் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கிறான்.

"ப்பா, தரை மூச்சு விடுது பாருங்க. இறங்குனா அதுக்கு வலிக்கும்."

இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் வற்றல் மேல் விழுந்தோம். என் முழங்கை கிழிந்தது. அவன் என் ரத்தத்தைத் தொட்டு, "அழகா இருக்குப்பா" என்றான்.

சாயங்காலம் தெளிந்து வந்து மன்னிப்புக் கேட்டான். இனி இல்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். யாரோ பெண் ஏமாற்றிவிட்டாள் என்று வசந்தா நினைக்கிறாள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயமாக இருக்கிறது. அந்தச் சுவரை இன்னும் இரண்டடி உயர்த்திக் கட்டலாம். ஊரில் இருக்கிற எல்லாச் சுவரையும் யார் உயர்த்துவது?

ஜூன் 14

11.00 அவன் தூங்கும்போது பார்த்தேன். தாள் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, ஒரு குதிரை குறைந்து பன்னிரண்டாக. சத்தியத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு நாள் ஸ்டேஷன் பெஞ்ச். லாக்கப் கம்பியைத் தொட்டுப் பார்த்து ஒழுங்குக்கு வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி கேஸ். காலையில் கோர்ட், அபராதம், சாயங்காலம் வீடு. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

4.30 ஜோதிலிங்கத்துக்கு ஃபோன் செய்தேன். எனக்குக் கீழே கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, என்னிடம் மகஜர் எழுதக் கற்றுக்கொண்டவன். இன்று இங்கேயே இன்ஸ்பெக்டர். விஷயத்தை ஆரம்பித்தேன். வீட்டிலேயே ஒரு ஸ்டாம்ப் சமாச்சாரம் என்று சொன்னதுமே குறுக்கே விழுந்தான்.

"ஐயா, லைன் சரியில்ல. நீங்க சொன்னது எதுவும் எனக்குக் காதுல விழல."

திரும்பச் சொன்னேன்.

"விழலைங்கய்யா. ஃபோன வெச்சுடுங்க. மூணு நாள்ல நானே வூட்டுக்கு வரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க. உங்க கால்ல வுழுந்து கேட்டுக்கறேன்."

லைன் தெளிவாகத்தான் இருந்தது. வேலைக்குச் சோம்பல். தோளில் நட்சத்திரம் ஏறிவிட்டால் பழைய ரைட்டரின் குரல் எங்கே காதில் விழும்? மூன்று நாள் கழித்து வருவானாம். அதற்குள் என் பிள்ளை சுவரேறினால்?

ஜூன் 15

கையேட்டின் பின் அட்டையில் ஒரு நம்பர் இருக்கிறது. தகவல் தருபவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று போட்டிருக்கிறது.

3.10 ஒரு ஃபோன் பேசினேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 16

5.00 பேச்சை முடித்தேன். எட்டுப் பக்கம். அன்றைய சட்டம் கண்டித்தது, ஆனால் கெடுக்கவில்லை என்று முடிகிறது. வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். நல்லா இருக்குங்க என்றாள்.

ஜூன் 17

காலை 6.40 வந்தார்கள். உள்ளூர் ஸ்டேஷன் ஆட்கள் இல்லை, தனிப்படை. நான்கு பேர். தலைமை ஒரு பெண் எஸ்.ஐ., முப்பது வயதுகூட இருக்காது. நான் அதற்கு முன்பே சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

"உங்க பையன் ரூம சோதனை போடணும் சார்."

என் பழைய அடையாள அட்டையைக் காட்டினேன். சட்டென்று விறைத்து நின்று, "ஐயா, டிபார்ட்மென்ட்டுங்களா" என்றாள். மனசுக்கு இதமாக இருந்தது. வசந்தாவைக் காபி போடச் சொன்னேன். அவள் கை கால் ஓடாமல் சமையலறையிலேயே நின்றுவிட்டாள்.

அவர்கள் வேலையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சாட்சிக்கு ஆள் நிறுத்தாமலே ஒருவன் அலமாரியில் கை வைக்கிறான். "தம்பி, நில்லு. சாட்சி இல்லாம தொட்டா கோர்ட்டுல நிக்காது" என்றேன். ஜீப்பில் யாரோ இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார்களாம். எல்லா கேஸிலும் அதே முகங்கள் வரும், வக்கீல் சிரிப்பான். நானே போய்ப் பக்கத்து வீட்டு ஆல்பர்ட் வாத்தியாரையும் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரையும் அழைத்து வந்தேன். மதிப்பான மனிதர்கள். கூண்டில் ஏறினால் பிறழ மாட்டார்கள்.

நிரஞ்சன் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ப்பா, நீங்க சும்மா இருங்கப்பா" என்றான் ஒரு தரம்.

புத்தகத்திலிருந்து தாளை எடுத்தார்கள். ஏட்டு மகஜர் எழுதத் தொடங்கினார். "குதிரைப் படம் போட்ட ஸ்டாம்ப் பன்னிரண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"எண்ணிக்கை எதுக்குய்யா? சட்டம் எடையைத்தான் கேக்கும். தராசு இல்லையா?"

எஸ்.ஐ. பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஐயா, எடை ஆய்வகத்துல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"அங்க போய் எடை மாறிச்சின்னா கேஸ் படுத்துடும். இங்கயே சாட்சி முன்னால போடும்மா."

பையிலிருந்து சின்ன எலக்ட்ரானிக் தராசை எடுத்தாள். தாளை வைத்தாள். 0.21 கிராம். கால் கிராம்கூட இல்லை! எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. தங்கான் பேரில் நாங்கள் எழுதியது இருபது லிட்டர்.

அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதட்டுங்களாய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எழுதும்மா. தொடங்கின நேரம், முடிச்ச நேரம் ரெண்டும் போடு. கவர்ல சாட்சி கையெழுத்து வாங்கி, அதுக்கு மேல அரக்கு வை."

அப்படியே செய்தாள். 8.05 முடிந்தது. ஏட்டு தடுமாறிய இரண்டு வரிகளை நானே சொல்லச் சொல்ல எழுதினார். என் பிள்ளை கேஸிலும் எழுத்தில் குறை வைக்கக் கூடாது என்று தோன்றியது. வாசல் கேட்டைத் தாண்டும்போது நிரஞ்சன் அம்மாவைப் பார்த்து, "சாயந்திரம் வந்துடுவேம்மா" என்றான். நான் தலையாட்டினேன்.

"வூட்டுக்குள்ள இருக்கறது வெளிய யாருக்குங்க தெரியும்? யாரு சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் வசந்தா. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

5.00 அவனுக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தாள். 6.00 வரவில்லை. 6.30 ஜோதிலிங்கம் வந்தான், சீருடை இல்லாமல். வாசலிலேயே நின்றான்.

"ஐயா, ரிமாண்டு. ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டாங்க."

"அபராதம் கட்ட ஆள் அனுப்பறேனே."

"இன்னாங்கய்யா பேசறீங்க? இது சாராயக் கேஸா? எல்.எஸ்.டி.ல 0.1 கிராம தாண்டுனாலே வணிக அளவு. விக்கறதுக்கு வெச்சிருந்தவனுக்குப் போடற தண்டனை. குறைஞ்சது பத்து வருஷம்."

"மருந்து அதுல எவ்வளவு இருக்கப் போவுது? எல்லாம் காகிதம்தானே."

"காகிதத்தையும் சேத்துத்தான் எடைன்னு கோர்ட்டுல சொல்றாங்க. ஜாமீனும் கிடைக்காது. தகவல் காதுல விழுந்துச்சின்னா உடனே எழுதி மேல அனுப்பணும், மறைச்சா என் மேலயே கேஸ். அதனாலதான் காதுல விழலைன்னு சொன்னேன். இன்னிக்கி நேர்ல வந்து, அந்தக் கருமத்த அடுப்புல போட்டுட்டு புள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

வசந்தா உள்ளே குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. ஜோதிலிங்கம் என் முகத்தைப் பார்த்தான். எதுவோ கேட்க வந்தவன், கேட்காமலே போய்விட்டான்.

ஜூன் 18

ஒன்றுமில்லை.

ஜூன் 20

வசந்தா முடிவு கட்டிவிட்டாள். தகவல் கொடுத்தது ஆல்பர்ட் வாத்தியார்தானாம். இல்லாவிட்டால் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எப்படித் தயாராக வந்தார்கள் என்கிறாள். ஸ்டெல்லா டீச்சர் ஆறுதல் சொல்ல வந்தார். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மேலே எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 26

செயலாளர் முந்தாநாளே ஃபோன் செய்துவிட்டார். "உடம்பு சரியில்லன்னு போட்டுக்கலாம் சார், உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்" என்றார். வேறு யாரோ பேசினார்கள்.

எட்டுப் பக்கத்தையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். பொய். அன்றைக்கு நாங்கள் சட்டத்தை வைத்து நாடகம் போட்டோம். குடித்தவன் குடித்தான், விற்றவன் விற்றான், எங்கள் பதிவேடு மட்டும் நிரம்பியது. உண்மையாகவே சட்டத்தை நடத்தியபோது சாராயம் நிற்கவில்லை, விஷமாக மாறி வந்தது. தங்கானுக்கு மூன்று பெண்கள். பிணத்தைப் புரட்டி அடையாளம் எழுதியபோது, இருவது லிட்டர்னு போட்டுக்குங்க என்ற அவன் குரல் காதில் கேட்டது. இதைத்தான் நான் பேச்சில் சேர்க்க வேண்டாம் என்றேன்.

இன்றைய சட்டத்தில் நாடகம் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். சிரிக்காது, பேரம் பேசாது, காகிதத்தையும் சேர்த்து எடை போடும். அதனால் அந்தக் குதிரைத் தாள் ஊரில் குறைந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. என் வீட்டில் ஒரு ஆள் குறைந்திருக்கிறான். அது தெரியும்.

ஜூலை 3

ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்த்தோம். இளைத்திருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடமே பேசினான். பக்கத்துப் படுக்கைக்காரன் கொலைக் கேஸ், நல்லவர்மா என்றான்.

ஜூலை 11

அட்வகேட் பர்வீன் மேடம் ஆபீஸ். ஜோதிலிங்கம் சொல்லி அனுப்பிய ஆள். மகஜர் நகலை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், பதினெட்டு வருஷமா இந்த மாதிரி கேஸ்தான் பாக்கறேன். இவ்ளோ சுத்தமான மகஜர் என் கண்ணுல பட்டதில்ல. இந்தக் கேஸ்ல எல்லாம் எங்களுக்கு இருக்கற ஒரே வழி அவங்க செய்யற தப்புதான். எல்லாக் கேஸுக்கும் ஒரே ஸ்டாக் சாட்சி வெப்பாங்க, நேரம் போட மாட்டாங்க, சீல் ஒழுங்கா இருக்காது. ஏதாவது ஒரு ஓட்டையில புடிச்சி புள்ளைங்கள வெளிய இழுப்போம். இதுல விரல் நுழைய இடமில்ல. யாரோ ரொம்ப அனுபவப்பட்ட கை."

வசந்தா என் பக்கம் திரும்பி, "உங்க ஆளுங்கதானே எழுதனாங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

"தெரியல" என்றேன்.

"கஷ்டம் என்னன்னா சார்," என்றார் மேடம், "இவன் விக்கறவன் இல்லன்னு பாத்தாலே தெரியுது. ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா இது ஆஸ்பத்திரியோட முடிஞ்சிருக்கும்."

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று வசந்தா தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல மகஜர் அதுதான். இப்போதாவது எழுதிவிடுகிறேன்: ஃபோன் செய்ததும் நான்தான்.

ஆகஸ்ட் 6

11.45 தபால்காரர் ஒரு கவர் கொடுத்தார். நிரஞ்சன் பெயருக்கு. அனுப்பியவர் பெயர் இல்லை, பெங்களூரு முத்திரை. உள்ளே பிறந்தநாள் வாழ்த்து அட்டை. அவன் பிறந்தநாள் தையில். அட்டையின் இரண்டு மடிப்புக்கு நடுவே அதே துளை போட்ட தாள். குதிரைக்குப் பதில் இந்தத் தரம் மயில்.

என் பிள்ளை உள்ளே போய் ஐம்பது நாள் ஆகிறது. அனுப்புகிறவனுக்கு அது தெரியக்கூட இல்லை.

கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். இருபது கட்டம். எடை மனதில் ஓடியது. இந்த நிமிடம் யாராவது உள்ளே வந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். ஸ்கூட்டர் ஒன்று வாசலில் நின்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. எதிர்வீட்டுக்கு வந்தவன். கையேட்டின் பின் அட்டை நம்பர் எனக்கு மனப்பாடம். ஃபோனைத் தொடவில்லை.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கொளுத்தினேன். சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறைப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். இன்னா தீயற வாசனை என்று வசந்தா பின்கட்டிலிருந்து கேட்டாள். மின்சார பில் கவர் என்றேன்.

ஆகஸ்ட் 8

ஜாமீன் மனு தள்ளுபடி. குற்றவாளி இல்லை என்று நம்புவதற்கு முகாந்திரம் வேண்டுமாம். மகஜரைப் படித்த நீதிபதி, எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது என்றாராம்.

ஆகஸ்ட் 21

வசந்தாவுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிறாள். ஆல்பர்ட் வாத்தியார் வீட்டை விற்றுவிட்டுப் போகப் போகிறாராம். தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லை. எல்லாம் வசந்தா பரப்பியது. இன்று எதிரே வந்தவர் நின்று, "சார், சத்தியமா நான் சொல்லல" என்றார். அறுபது வயது மனிதருக்கு உதடு துடித்தது. தெரியும் சார் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

இனி முடியாது. அவனிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு அவளிடம்.

செப்டம்பர் 3

வசந்தாவுக்கு உடம்பு முடியவில்லை. நான் மட்டும் போனேன். 9.30 மனு, 11.10 கூப்பிட்டார்கள்.

தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நெற்றி அப்படியே சின்ன வயதில் மொட்டை போட்டபோது இருந்த மாதிரி இருந்தது. அம்மா எங்கே என்றான் முதலில். சொன்னேன். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"ப்பா, ஆல்பர்ட் சார்தான் சொன்னாருன்னு அம்மா சொல்றாங்க. நெஜமா?"

"இல்லடா."

"வேற யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

ஃபோனை இறுக்கிப் பிடித்தேன். 

"நான்தான்டா. நீ சுவர் மேல நின்னதுக்கு ரெண்டு நாள் கழிச்சி. ஒரு நாள் ஸ்டேஷன்ல உக்காந்தா சரியாயிடுவன்னு நினைச்சேன். சாயந்திரம் வந்துடுவன்னு நினைச்சேன். அந்தக் காலத்துல அப்படித்தான்."

 அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடியில் அடிப்பான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். காவலர் நேரமாச்சு என்று குச்சியால் தட்டினார். அப்போதுதான் ஃபோனை எடுத்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னிக்கி சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க."

"இல்லடா, அவ தெரிஞ்சிக்கணும்..."

"சொல்லாதீங்கப்பா. சொன்னா உங்ககூட இருக்க மாட்டாங்க. தனியா எங்க போவாங்க? பத்து வருஷம். மாத்திரைய யாரு எடுத்துக் குடுப்பா?"  கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆல்பர்ட் சார் சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க. என்கூட வேலை பாத்த பையன் ஒருத்தன்தான் சொன்னான்னு நான் சொன்னதா சொல்லுங்க. நான் சொன்னா நம்புவாங்க. நீங்க இனிமே மனுவுக்கு வராதீங்க. அம்மாவ மட்டும் அனுப்புங்க."

எழுந்து போய்விட்டான். திரும்பிப் பார்ப்பான் என்று கம்பிக் கதவு மூடும்வரை நின்றேன்.

1.40 வீடு. வசந்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னா சொன்னான்?" என்றாள்.

"கூட வேலை பாத்த பையன் ஒருத்தன் காட்டிக் குடுத்தானாம். ஆல்பர்ட் சார் இல்லையாம்."

நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அவன் எந்த வூட்டுப் புள்ளையோ, அவன் வயிறு எரியட்டும், அவன் பெத்த புள்ள அவன் முகத்துல முழிக்காம போவட்டும்" என்று அழுதாள். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க காலையிலிருந்து ஒண்ணும் சாப்புடல இல்ல" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

சோறு போட்டாள். சாப்பிட்டேன்.